நீல டின், சிவப்பு டின்

என் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பேசலாம் என்பதை ஐந்து வாரம் நான்தான் முடிவு செய்தேன். பதினொரு நிமிடம். சில நாட்களில் ஒன்பது. இதைக் கேட்கிறவர்கள் என்னை மோசமானவன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். அப்பாவோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து அதையே சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

மாத்தளைக்குப் பக்கத்தில், உக்குவளையில் ரயில் பாதைக்கு மேலே இருக்கிறது எங்கள் வீடு. முன்னறையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு மேசை, வளையும் கழுத்துள்ள ஒரு விளக்கு, சுவரில் ஒரு கண்ணாடி அலுமாரி, அவ்வளவுதான். எனக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா, நான் என்று வீட்டில் மூன்றே பேர்.

அப்பா யட்டவத்த பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடியும் முன்னே ஆட்கள் வேலைக்குக் கூடுகிற இடத்தைப் பெரட்டுக் களம் என்பார்கள். அங்கே நின்று, யார் எந்த மலைக்குப் போக வேண்டும், யாருக்கு இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லுவது அவர் வேலை. குரல் அப்படி ஒரு குரல். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மேல் லயத்துக்கும் கேட்கும், கீழ் லயத்துக்கும் கேட்கும். சின்னத் தப்பு செய்தவனை நின்ற இடத்திலேயே ஏசிவிடுவார். பெரிய தப்பு செய்தவனை மட்டும் ஏசமாட்டார். பார்த்தும் பார்க்காதவர் மாதிரி போய்விடுவார். நாள் பார்த்து, எல்லோரும் கூடி நிற்கிற பெரட்டில், ஒரே ஒரு தடவை சொல்லுவார். இரண்டாம் தடவை அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

பால் வெட்டுகிற ஒருவர் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலந்ததை அப்பா ஒரு திங்கட்கிழமை பார்த்திருக்கிறார். அந்த வாரம் முழுக்க அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆளுடைய மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கியிருந்தார்கள். தோட்டம் பார்க்க வேண்டும் என்று சனிக்கிழமை காலை அவர்களும் களத்துக்கு வந்திருந்தார்கள். அப்பா அன்றைக்குச் சொன்னார். சத்தம் போடாமல், நிதானமாக, எந்த மரத்தடியில் எந்த வாளியில் என்பது வரை சொன்னார். கல்யாணம் நின்றதா நடந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. அந்த மனிதர் தோட்டத்தை விட்டுப் போனது ஞாபகமிருக்கிறது.

எனக்கும் ஒரு பெரட்டு நடந்தது. பதினாறு வயதில் நான் எழுதிய சாதாரண தரப் பரீட்சை முடிவு எனக்கு முன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட அதிபர் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. நான்காம் நாள் தூறலாக இருக்கிறது, குடை பிடித்துக்கொண்டு வா என்று என்னையும் கூட்டிப்போனார். எல்லோரையும் பெயர் கூப்பிட்டு மலைக்குப் பிரித்த பிறகு என் தோளில் கை வைத்தார்.

"இவரு ஆறு பாடத்துல பெயிலு. அடுத்த மாசத்துல இருந்து இவருக்கும் ஒரு கத்தி குடுங்க."

இவரு என்று மரியாதையாகத்தான் சொன்னார். களம் முழுக்கச் சிரித்தது. என் வயதுப் பெண்பிள்ளைகள் எல்லாம் நின்றார்கள். நான் அந்தக் குடையை அவர் தலைக்கு மேலேதான் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் வெட்டுகிற கத்தியை நான் கடைசி வரை கையில் எடுக்கவில்லை. மாத்தளைக்குப் போய் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் சேர்ந்து, அங்கிருந்து போனுக்கு வந்தேன்.

அப்பா ஓய்வு பெற்று உக்குவளைக்கு வந்த பிறகு என் தொழிலைக் கிட்டத்தில் இருந்து பார்க்கிற பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. நான் செத்த போன்களை வாங்குகிறவன். கண்ணாடி உடைந்தது, தண்ணீரில் விழுந்தது, பஸ் டயரில் அகப்பட்டது, எதுவானாலும் சாக்கில் அள்ளிக்கொண்டு வருவேன். போன் செத்தாலும் உள்ளே இருக்கிற பெட்டரி செல் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அதைக் கழற்றி, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, எத்தனை வோல்ட் என்று மார்க்கரால் அதன் முதுகிலேயே எழுதி, ஒரு வாரம் சும்மா போட்டுவைப்பேன். வாரம் கழித்து மறுபடி மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எழுதிய அளவு அப்படியே நின்றால் நல்ல செல். சும்மா கிடந்தே இறங்கிப்போயிருந்தால் அதை நம்பி ஒரு வேலையும் செய்யக்கூடாது.

நல்லது நீல பிஸ்கட் டின்னுக்குப் போகும். கெட்டது சிவப்பு டின்னுக்கு. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் இல்லாத நேரத்தில் யாராவது செல் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்கத் தோதாகத்தான் நிறம் வைத்தேன். போனுக்கு நல்ல செல் கேட்டால் அது நீல டின், நான் வரும் வரை இருக்கச் சொல்ல வேண்டும். டோர்ச் லைட்டுக்கோ பிள்ளைகளின் விளையாட்டுக் காருக்கோ கேட்டால், சிவப்பு டின்னில் இருப்பதைச் சும்மா எடுத்துக் கொடுத்துவிடலாம். அம்மா இரண்டு டின்னையும் தினமும் துடைத்து வைப்பார். ஒரு நாள்கூட மாறிப்போனதில்லை.

அப்பா ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைப் பார்ப்பார். ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார். வாடிக்கையாளர் வந்து நின்றால் மட்டும், "வாங்க, குப்ப பொறுக்கி உள்ளதான் இருக்காரு" என்பார். சிங்கள வாடிக்கையாளருக்கு அதையே சிங்களத்தில் சொல்லுவார். மொழி பெயர்த்துச் சொல்கிற அளவுக்கு அவருக்கு அதில் அக்கறை.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, நாக்குப் புரளவில்லை. மூளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்தக் குரல் போய், தொண்டைக்குள் ஒரு உறுமல் மட்டும் மிஞ்சியது. நான் அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். அதே வாரத்தில் வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இடது கையால் எழுதிப் பார்த்தார். கோழி கிண்டியதுபோல இருந்தது, எனக்கே புரியவில்லை. புரிந்திருந்தாலும் அம்மாவுக்குப் பயனில்லை. போனில் எழுத்துகள் பொடி, அவர் விரலுக்கு அகப்படவில்லை. அப்போதுதான் யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு ஒரு வருடமாகத் திரும்பி வராத ஒரு பெரிய டெப்லெட், டெப் என்போமே அது, அலுமாரிக்குள் கிடந்தது ஞாபகம் வந்தது. தமிழில் எழுதினால் வாசித்துச் சொல்லுகிற ஒரு செயலியை அதில் ஏற்றி மடியில் வைத்தேன். இடது கை ஆட்காட்டி விரலால் அரை மணி நேரம் தடவித் தடவி எழுதினார். பிறகு அழுத்தினார்.

"சோறு குழைந்து போய்விட்டது. கண் தெரியவில்லையா."

இந்தியாவில் செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல, அவ்வளவு மரியாதையான, பிசிறில்லாத ஒரு பெண் குரல் அது. அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தார். ஏச்சு வாங்குவதற்கு யாராவது அப்படிச் சந்தோஷமாக ஓடி வந்து நான் பார்த்ததில்லை. "பேசிட்டாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

அதற்குப் பிறகு அந்தக் குரலுக்கு ஓய்வே இல்லை. காலையில் தேநீரில் தொடங்கும். சந்தியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், என் பழைய வாடிக்கையாளர். அவர் வந்து நிற்கும்போதெல்லாம் உள்ளே இருந்து அந்தப் பெண் மிகப் பணிவாக, "வாருங்கள், குப்பை பொறுக்கி உள்ளே இருக்கிறார்" என்பாள். நானா சிரித்துவிட்டு, "என்ன, ஒங்க ஆன்ட்டி இன்டைக்கும் தொடங்கிட்டா போல" என்பார். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் முன்பு அப்பா சொன்னபோது உறைக்காதது இப்போது உறைத்தது. அந்த மனிதனுக்கு வாயை எடுத்துக் கொடுத்தது நான். நான் கொடுத்த வாயால் என்னையே ஏசுகிறார் என்ற எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

எட்டு மாதம் கழித்து டெப்பின் பெட்டரி ஊதிப்போனது. பின்மூடி ஒரு விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த மொடலுக்குப் புதுப் பெட்டரி மாத்தளையிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. செல் மாற்றிக் கட்டுவதுதான் வழி. மூடியைத் தலைமயிர் காய வைக்கும் மெஷினால் சூடாக்கி, பழைய வங்கி அட்டை ஒன்றை நுழைத்து மெதுவாகப் பிரித்தேன். உள்ளே இரண்டு தட்டையான செல்கள் பக்கத்தில் பக்கத்தில், உச்சியில் ஒரு சின்னச் சர்க்கியூட் பட்டி. பட்டியை வைத்துக்கொண்டு, ஊதிய செல் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் வேறு இரண்டைப் பற்றவைக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு வோல்ட்டில் இருக்க வேண்டும், ஒரே அளவு உழைப்பதாக இருக்க வேண்டும். எனக்கு இது ஒரு மணி நேர வேலை.

அப்பா ஜன்னல் ஓர நாற்காலியில் இருந்தார். நானா வந்து கண்ணாடி மாற்றக் கொடுத்த போனை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, "ஆன்ட்டிய ஒரு கிழமைக்கு ஆஸ்பத்திரியிலயே வச்சிருங்களேன்" என்று சொல்லிச் சிரித்தார். நீல டின்னில் பொருத்தமான செல்கள் இருந்தன. அளவு பார்த்து முந்தின வாரமே சோடி சேர்த்து ரப்பர் பட்டி போட்டு வைத்திருந்தேன். என் கை சிவப்பு டின்னுக்குப் போனது. தவறிப் போகவில்லை. மூடியைத் திறந்து, மார்க்கரில் எழுதிய அளவைப் பார்த்து, எது அதிகமாக இறங்கியிருக்கிறது என்று தேடி எடுத்தேன். நல்ல செல்லைத் தேடுவதை விட அதிகக் கவனமாகத் தேடினேன்.

இப்படிப்பட்ட செல்லுக்கு ஒரு குணம் உண்டு. சார்ஜ் ஏறும்போது நல்லபடியாக ஏறும். நூறு சதவீதம் என்று காட்டும். பாவிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அறுபது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அப்படியே அணைந்துபோகும். கடைசியில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று பாவிக்கிறவருக்குத் தெரியாது.

சார்ஜில் செருகிக்கொண்டே பேசலாமே என்று அம்மா கேட்டார். பழைய செல், செருகிக்கொண்டு பாவித்தால் சூடாகி மடியிலேயே வெடிக்கும் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல வந்தது. அம்மா பயந்துபோனார். அன்று முதல் டெப் என் மேசையில் என் கண் முன்னால்தான் சார்ஜ் ஏறும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிறது போல.

முதல் நாள் அப்பா வழக்கம்போல விரிவாகத் தொடங்கினார். என் மேசையைப் பற்றி, மீனைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி எழுதிக்கொண்டே போனார். நாயைப் பற்றிப் பாதி எழுதும்போதே அணைந்துவிட்டது. டெப்பைத் தட்டினார், குலுக்கினார். என்னைப் பார்த்தார். "பழைய செல்தானே அப்பா, அவ்வளவுதான் வரும்" என்றேன். என் குரல் மிக அன்பாக இருந்தது. இப்போதும் அது எனக்குக் கேட்கிறது.

இரண்டாம் வாரத்தில் ஏச்சுகள் சுருங்கின. நீட்டி முழக்க நேரமில்லை. மூன்றாம் வாரத்தில் ஏச்சே இல்லை. தண்ணீர். ஜன்னல். முதுகு. கால் மரத்துவிட்டது. மகளைக் கொடுத்த ஏழை மாமனார் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைத்தார். நாக்கை அடக்க எழுபத்தொரு வருடம் யாராலும் முடியவில்லை, இரண்டு கெட்டுப்போன செல்லால் முடிந்தது என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். அம்மாகூட ஒரு நாள் சொன்னார்.

"இப்ப ஒங்கப்பா ஏசுறதே இல்ல, பாத்தியா. மனுசன் மாறிட்டாரு."

நல்லதுதானேம்மா என்றேன்.

ஐந்தாம் வாரம் ஒரு வியாழக்கிழமை கண்ணாடிகள் வாங்க மாத்தளைக்குப் போனேன். போகும் முன் டெப்பை அப்பா மடியில் வைத்துவிட்டுத்தான் போனேன். கடையில் சாமான் வர நேரமாகிவிட்டது. திரும்பி வரும்போது பின்னேரம் மூன்று மணி. வாசலில் அம்மா நின்றார், முகத்தில் ஒரு புதுத் தெளிவு. இன்றைக்கு உன் அப்பாவுக்கு நான் நன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று தொடங்கினார். அப்பா காலை பதினொரு மணியில் இருந்து உறுமுகிறாராம், கட்டிலைத் தட்டுகிறாராம், சோற்றைக் கொண்டுபோனால் தட்டைத் தள்ளிவிட்டாராம். டெப்பும் உடனே அணைந்துபோயிற்று. ஏச முடியாத ஆத்திரத்தில் ஆடுகிறார் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"வாய் செத்தும் ஒங்களுக்கு ஆட்டம் அடங்கல, சும்மா கெடங்கன்னு சொல்லிட்டு, கதவச் சாத்திட்டு வந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது அம்மா கொஞ்சம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

கதவைத் திறந்தேன். அப்பா கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து கிடந்தார். முகம் முழுக்க வியர்வை. இடது கை அடிவயிற்றில் இருந்தது. சாரத்தை விலக்கிப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே வயிறு பானை கவிழ்த்ததுபோல எழும்பி, தொட்டால் கல்லாக இருந்தது. காலையில் இருந்து சிறுநீர் போகவில்லை. தரையில் டெப் கிடந்தது. அதை நான் அப்போது எடுத்துப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் ஒவ்வொரு குழிக்கும் அவர் தொண்டையில் இருந்து வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. நர்ஸ் குழாய் போட்டபோது பை நிறைந்து வழிந்தது. எவ்வளவு நேரமாக இப்படி என்று நர்ஸ் கேட்டார். "காலையில இருந்து ஏசிக்கிட்டே இருந்தாருங்க" என்றார் அம்மா. நர்ஸ் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். வாய் பேச முடியாதவர் எப்படி ஏசுவார் என்று கேட்டார். அப்போதுதான் அம்மாவுக்கு அது என்ன உறுமல் என்று விளங்கியது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவை வார்டில் விட்டு வீட்டுக்கு வந்ததும் தரையில் கிடந்த டெப்பை எடுத்துச் சார்ஜ் போட்டு உயிர்ப்பித்தேன். திரையில் ஒரே ஒரு சொல், அதுவும் பாதி. "மூத்". அழுத்துவதற்கு முன்னால் அணைந்திருக்கிறது.

அன்றைக்கே பிரித்தேன். நீல டின்னில் ரப்பர் பட்டி போட்டுக் கிடந்த சோடியை எடுத்து மீட்டரில் வைத்தேன். இரண்டும் ஒரு புள்ளி பிசகாமல் நின்றன. பட்டியில் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புது ஈயம் வைத்து, பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று நாலு முனையையும் பற்றவைத்தேன். முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி தேன்நிற டேப்பைச் சுற்றினேன். தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு பெட்டரி கட்டியதில்லை. காலையில் சார்ஜ் ஏற்றி வைத்தால் மறுநாள் மதியம் வரை நின்றது. கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. தொழிலில் என் கை நடுங்காது.

மூன்று நாளில் அப்பா வீட்டுக்கு வந்தார். டெப்பை மடியில் வைத்து, நல்ல செல் ஒன்று அகப்பட்டது அப்பா, இனி நாள் முழுக்கப் பேசலாம் என்றேன். அகப்பட்டது என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணீர் என்று எழுதினார். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாளும் தண்ணீர், ஜன்னல், மருந்து. நாள் முழுக்கப் பேச வழியிருந்தும் ஒரு ஏச்சு இல்லை. இந்த மனிதர் அடிபட்டு அடங்கிவிட்டார் என்று நான் நினைத்தேன். அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள். பார்த்தும் பார்க்காதவர் மாதிரி அவர் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை நோயாளியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அலுவிகாரையில் இருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, மாமியோடு வந்தார். நானா பழங்கள் கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். நாற்காலி போதவில்லை, கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மாமாவுக்கு என்னை எப்போதும் பிடிக்கும். டெப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குப்பையில கெடந்த செல்ல எடுத்து அப்பாவப் பேச வச்சிருக்கான். மத்தவன் பிள்ளை செய்வானா?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்கு மார்பு நிறைந்துபோனது. அந்த வார்த்தையை அப்பாவின் முன்னால் கேட்கத்தான் இருபத்தைந்து வருடமாகக் காத்திருந்தேன்.

அப்பா இடது கையை நீட்டினார். மாமா டெப்பைக் கொடுத்தார். அம்மா தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்றார். அப்பா எழுதினார். அவசரமே இல்லை. பிழை விட்ட எழுத்தை அழித்துவிட்டுத் திருத்தினார். நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். எழுதி முடித்ததும் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் எனக்கு அது எந்த இடம் என்று விளங்கியது. ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். பதினாறு வயதில் குடை பிடித்து நின்றதுபோல நின்றேன்.

"இந்த செல் நீல டின்னில் எடுத்தது. முன்பு போட்டது சிவப்பு டின்னில் எடுத்தது. அன்றைக்கும் நீல டின்னில் நிறைய இருந்தது."

செய்தி வாசிக்கிறவள் மாதிரி, ஒரு கோபமும் இல்லாமல் அந்தப் பெண் சொல்லி முடித்தாள். அப்பா டெப்பைக் கவிழ்த்து வைத்தார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நீலமாவது சிவப்பாவது, மச்சானுக்கு இன்னும் தெளியவில்லை போல என்று மாமியிடம் முணுமுணுத்தார். நானாவுக்கும் நிறம் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அந்த அறையில் டின்களின் நிறத்துக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்தான். ஒருவர் சொன்னவர். ஒருவன் நான். மற்றவருக்காகத்தான் அது சொல்லப்பட்டது.

அம்மா தட்டைச் சரிக்கவில்லை. எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். பிஸ்கட் கொண்டு வந்து வைத்தார். மாமியின் முழங்கால் வலியை விசாரித்தார். எல்லோரையும் வாசல் வரை வந்து அனுப்பினார். பிறகு முன்னறைக்கு வந்து என் மேசைக்கு எதிரே நின்று, முதலில் சிவப்பு டின்னின் மூடியைத் திறந்தார், பிறகு நீலத்தைத் திறந்தார். உள்ளே பார்த்தார்.

"அன்னைக்கும் இதுல இருந்திச்சா?"

"இருந்திச்சும்மா."

இரண்டு மூடியையும் மூடினார். துடைத்து வைத்தார், வழக்கம்போல.

"அவரு வலியில துடிச்சிருக்காரு. நாலு மணித்தியாலம் நான் அவர ஏசிக்கிட்டு இருந்திருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அம்மா சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றி, வயரைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு டெப் என் மேசைக்கு வந்ததில்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில்தான் சார்ஜ் ஏறுகிறது.

அப்பா இப்போது பழையபடி பேசுகிறார். சோறு, மீன், நாய், டாக்டர், அரசாங்கம், யாரும் தப்பவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார், சில நேரம் சிரிப்புச் சத்தமும் வரும். எனக்கு அம்மா சோறு போடுகிறார், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நடந்ததைப் பற்றி அப்பா இரண்டாம் தடவை ஒரு சொல் எழுதவில்லை. போன மாதம் நானா வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று காது கொடுத்துப் பார்த்தார். ஆன்ட்டி இப்போது உங்களை ஒன்றும் சொல்வதில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

செல் நன்றாக உழைக்கிறது. ஊதவில்லை, சூடாகவில்லை. காலையில் போட்டால் மறுநாள் மதியம் வரை நிற்கிறது. வாடிக்கையாளர் யாராவது படி ஏறி வரும்போது நான் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு உள்ளறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருப்பேன். குப்பை பொறுக்கி உள்ளே இருக்கிறார் என்று அவர் இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.